மன்னரிடம் அவர் கேட்டது



நான் இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கிலாந்தின் தென்கடற்கரையில், பிரைட்டனை ஒட்டிய ஹோவ் என்ற ஊர். மகளுக்கு இங்கே நர்ஸ் வேலை. "சார், அங்க என்ன பார்த்தீங்க, போட்டோ போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போட்டோக்களைத் தனியாகப் போடுகிறேன். இன்று எழுதுவது கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்களும் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். முடிவில் உங்களில் ஒருவரிடம் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் ஒன்பது வயதுப் பேத்தியும் என்னை பிரைட்டன் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். ராயல் பெவிலியன் என்று பெயர். தூரத்தில் பார்த்ததுமே "இது என்னம்மா, ஆக்ராவுக்கு வந்துட்டோமா?" என்று கேட்டுவிட்டேன். வெங்காயம் கவிழ்த்தது போலக் குவிமாடங்கள், ஸ்தூபிகள், கல் ஜாலி வேலைப்பாடு. பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனவர் இளவரசராக இருந்தபோது தன் உல்லாசத்துக்கு வாங்கிய இடம். ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 தொடங்கி இந்தியப் பாணியில் இதை மாற்றிக் கட்டினார். அந்த இளவரசர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. விக்டோரியா ராணிக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. 1850-ல் பிரைட்டன் நகரமே அரண்மனையை விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே தங்க முலாமும் டிராகன் விளக்கும் பார்த்துப் பார்த்துக் கண் கூசியது. பிறகு ஓர் அறையில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அங்கேதான் என் கால் நின்றது. உயரமான கூரை, பெரிய தொங்கு விளக்குகள், அவற்றின் கீழே வரிசை வரிசையாக இரும்புக் கட்டில்கள். கட்டில்களில் தலைப்பாகை கட்டியவர்கள். நம் நாட்டுச் சிப்பாய்கள்.

முதல் உலகப்போரை உங்களுக்கு எட்டாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையில் குண்டு போட்டதைச் சொல்லும்போது மட்டும் எல்லோரும் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பீர்கள். "அவன் பெரிய எம்டன்டா" என்று ஊரில் சொல்வது இதிலிருந்துதான் வந்தது என்றதும் சிரிப்பீர்கள். அதே செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேல் துறைமுகத்தில் போய் இறங்கின என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பாடப்புத்தகத்திலும் அவ்வளவுதான் இருந்தது. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

பிரான்சின் குளிரிலும் சேற்றிலும் அடிபட்டவர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914 டிசம்பரில் இந்த அரண்மனை அவர்களுக்கான ராணுவ மருத்துவமனை ஆனது. பக்கத்திலிருந்த டோம் என்ற இசை அரங்கையும் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தையும் சேர்த்து எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டில்கள். இளவரசருக்கு விருந்து சமைத்த பெரிய சமையற்கட்டு அறுவை சிகிச்சை அறையாக மாறியது. ஊரில் ஒரு பள்ளிக்கூடமும், ஏழைகள் விடுதி ஒன்றும் கூட மருத்துவமனைகளாயின. மொத்தத்தில் சுமார் 12,000 இந்தியச் சிப்பாய்களுக்கு பிரைட்டனில் சிகிச்சை நடந்திருக்கிறது. பெரும்பாலோர் பஞ்சாபியர், பதான்கள், கூர்க்காக்கள், கடுவாலிகள்.

ஏற்பாடுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். மொத்தம் ஒன்பது சமையற்கூடங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில். சீக்கியர்களுக்குத் தோட்டத்தில் கூடாரம் போட்டு குருத்வாரா. முஸ்லிம்கள் தொழுவதற்குப் புல்வெளியில் இடம். இறந்தால் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் ஊருக்கு வெளியே குன்றின் மேல் எரியூட்டு. முஸ்லிம்களை வோக்கிங் என்ற ஊரின் மசூதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இத்தனை கவனத்துக்குக் காரணம் உண்டு. 1857-ல் தோட்டாவில் தடவிய கொழுப்பால் என்ன ஆனது என்பதை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1914 நவம்பரில் துருக்கி ஜெர்மனி பக்கம் சேர்ந்துவிட்டது. துருக்கி சுல்தான் முஸ்லிம்களுக்குக் கலீபா. சிப்பாய்களின் மனம் மாறிவிடக் கூடாதே என்ற பயம். ஆகவே மருத்துவமனையை நன்றாக நடத்தவும் செய்தார்கள், அதை உலகத்துக்குக் காட்டவும் செய்தார்கள். படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றார்கள். ஆங்கிலம், உருது, குர்முகியில் நினைவுப் புத்தகம் அச்சடித்தார்கள். மன்னர் தன் சொந்த அரண்மனையையே நமக்காகக் காலி செய்து கொடுத்துவிட்டார் என்று சிப்பாய்கள் பலர் நம்பி ஊருக்கு எழுதினார்கள். அரண்மனை கை மாறி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அந்த நம்பிக்கையைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை.

1915 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் காயம்பட்டவர்களைப் பார்க்க வந்தார்கள். 1911-ல் டெல்லி தர்பாரில் முடிசூட்டு விழா கொண்டாடிய அதே தம்பதி. சிப்பாய்க்கு மன்னர் என்றால் காசில் பார்த்த முகம். அந்த முகம் கட்டிலுக்கு அருகே வந்து நின்று "எங்கே அடிபட்டது?" என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்! மன்னரைக் கண்ணால் கண்டது பிறவிப் பயன் என்கிற மாதிரி எழுதிய சிப்பாய்க் கடிதங்கள் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். வலியில் கிடப்பவனுக்கு யாராவது வந்து பக்கத்தில் நின்றாலே பெரிய ஆறுதல். மகளிடம் கேட்டால் இதை நன்றாகச் சொல்வாள்.

ஆனால் நாற்பது வருடம் அரசாங்கப் பள்ளிக்கூடங்களோடு புழங்கியவனுக்கு அந்தப் படங்களில் வேறொன்றும் தெரியும். பெரியவர் வருகிறார் என்றால் முதல் நாள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? சுண்ணாம்பு அடிப்பது, கிழிந்ததை மறைப்பது, நன்றாகப் பேசுகிறவனை முன் வரிசையில் நிறுத்துவது. உலகம் முழுக்க அதே கதைதான்.

மன்னர் மறுபடியும் வந்தது 1915 ஆகஸ்டில். இந்த முறை பதக்கங்கள் வழங்க. அன்று விக்டோரியா கிராஸ் வாங்கியவர் மீர் தஸ்த். அப்ரிதி பதான், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியான தீரா சீமைக்காரர். ஜமேதார் பதவி. வயது நாற்பது.

அவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து, 26-ஆம் தேதி, இந்தியப் படையை அங்கே தாக்குதலுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் வாயு. முகமூடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கையில் இல்லாத காலம். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சமாளித்தார்கள். மீர் தஸ்த் தன் பிளட்டூனை முன்னின்று நடத்தினார். பிறகு, மேலே ஆங்கிலேய அதிகாரி ஒருவரும் மிஞ்சாதபோது, சிதறிக் கிடந்தவர்களைத் தேடிச் சேர்த்து, பின்வாங்கும் உத்தரவு வரும்வரை கட்டுக்குள் வைத்திருந்தார். அடிபட்டுக் கிடந்த எட்டு அதிகாரிகளை, ஆங்கிலேயரும் இந்தியரும் சேர்த்து, குண்டு மழைக்கு நடுவே தூக்கிவர உதவினார். அவர் நெஞ்சுக்குள்ளும் அந்த வாயு போய்விட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், வியந்து போவீர்கள். அவருடைய தம்பி மீர் மஸ்த்தும் அதே போரில் பிரான்சில் இருந்த ஜமேதார்தான். அந்த மார்ச் மாதமே சில அப்ரிதிகளைக் கூட்டிக்கொண்டு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அண்ணன் மன்னரிடம் பதக்கம் வாங்கியபோது தம்பி எதிரியின் பக்கம். ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பேரை ஒரு போர் இப்படியும் நிறுத்தும்.

பெவிலியன் புல்வெளியில் மன்னர் தன் கையால் மீர் தஸ்த்தின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். அந்தக் காலத்தில் மருத்துவமனைக் கடிதங்களையெல்லாம் தணிக்கை அதிகாரிகள் படித்து மொழிபெயர்த்து வைத்தார்கள். அதனால்தான் இன்று நமக்கு அவை கிடைக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கடிதத்தில் அன்று நடந்த ஒரு சங்கதி இருக்கிறது. மீர் தஸ்த் மன்னரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாராம். என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நிலமா? ஓய்வூதியமா? மகனுக்கு வேலையா?

ஒரு முறை காயம்பட்டுக் குணமான சிப்பாயைத் திரும்பவும் பதுங்குகுழிக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டார்.

அப்போது நடந்துகொண்டிருந்தது அதுதான். இந்தியாவிலிருந்து புது ஆட்கள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் காயம் ஆறியவனை மறுபடி பிரான்சுக்கே ஏற்றினார்கள். கை போனவன், கால் போனவன், கண் போனவன்தான் ஊருக்குப் போக முடியும். அதே 1915-ல், இங்கிலாந்தில் சிகிச்சையிலிருந்த யாரோ ஒரு சிப்பாய் பெயர் போடாமல் மன்னருக்கே ஒரு மனு எழுதியிருக்கிறார். பதினோரு ரூபாய் சம்பளத்துக்கு உயிரைக் கொடுக்கிறோம், காயம்பட்டவனை மூன்று தடவை நான்கு தடவை திருப்பி அனுப்புகிறார்கள் என்று மனம் நொந்து எழுதிய மனு. பெயர் போட்டால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஏழைகள் விடுதியில் இருந்த கிச்சனர் மருத்துவமனையைச் சுற்றி முள்வேலி போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். நோயாளிகள் தம் இஷ்டத்துக்கு வெளியே போக முடியாது.

பெயரில்லாமல் எழுத வேண்டியிருந்த அதே விஷயத்தைத்தான் மீர் தஸ்த் மன்னரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். சுற்றிலும் அதிகாரிகள், கேமராக்கள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கென்று கேட்கவும் அவரிடம் காரணம் இருந்தது. விக்டோரியா கிராஸ் நல்ல பொருள்தான், ஆனால் இந்த வாயு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை, என் கதையை முடித்துவிட்டது என்ற பொருளில் அவரே ஊருக்கு எழுதியிருக்கிறார். அந்த உடம்போடு அவர் கேட்டது மற்றவர்களுக்காக.

"தாத்தா, அவர் கேட்டது கெடச்சுதா?" என்றாள் பேத்தி.

என்ன சொல்வது? அந்த வருடக் கடைசியில் இந்தியக் காலாட்படையைப் பிரான்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்து மெசபொடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு, அனுப்பினார்கள். அதுவும் போர்க்களம்தான். "இல்லம்மா" என்றேன். "அப்ப எதுக்குக் கேட்டார்?" என்றாள். அதற்கு அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு வேறொரு காரணம் இருந்தது. இனி எழுதப் போவது அதைத்தான்.

1993 என்று நினைவு. அப்போது நான் வேலை பார்த்த பள்ளிக்கு மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல். எந்தப் பள்ளி, எந்த அதிகாரி என்பது வேண்டாம். நான்கு நாள் பாடம் நடக்கவில்லை. சுண்ணாம்பு அடித்தோம். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலி வாங்கி வந்தோம். ஏழாம் வகுப்பு என் பொறுப்பு. "குறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், 'ஒரு குறையும் இல்லை ஐயா' என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும்" என்று பத்துத் தடவை சொல்ல வைத்துப் பழக்கினேன். பயிற்சிப் பள்ளியில் இதை எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. வேலைக்கு வந்து நானாகக் கற்றுக்கொண்டது.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உட்காரச் சொன்னதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் நின்றான்.

"ஐயா, சத்துணவு சாப்ட்டுட்டுத் தட்டு கழுவத் தண்ணி இல்ல. கொளத்துக்குத்தான் போறோம். படி பாசம் புடிச்சிருக்கு. ஒண்ணாப்புப் புள்ளைங்க வழுக்கி விழுதுங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். அவன் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கார் தெரு முனை திரும்பியதும் தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் அவனைப் பார்த்தேன். பிரம்பை எடுத்தேன். இரண்டு அடி, உள்ளங்கையில். மத்தியானம் வரை வராந்தாவில் முட்டி போட வைத்தேன். "உன்ன யாருடா கேட்டது?" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் அழவில்லை. எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அவன் சத்துணவு சாப்பிடுகிற பையனே இல்லை. வீடு பள்ளிக்குப் பின்னாலேயே. மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பள்ளி வளாகத்தில் அடிபம்பு போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அதில் தட்டு கழுவுவதைத் தினமும் பார்த்தேன். அவனும் பார்த்திருப்பான். "டேய், உன்னாலதான்டா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடித்துத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெவிலியனில் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. "எதுக்குக் கேட்டார்?" என்று பேத்தி கேட்டதற்கு அங்கே வாய் அடைத்ததும் அதனால்தான்.

மறுநாள் மகளுக்கு விடுமுறை. குன்றின் மேல் இருக்கும் சத்ரியைப் பார்க்கப் போனோம். பாட்சம் என்ற இடத்துக்கு மேலே. கார் அங்கே வரை போகாது. ஆடு மேயும் புல்வெளி வழியே நடக்க வேண்டும். என் முழங்கால் வலிக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினேன். எட்டுத் தூண்களோடு வெள்ளைப் பளிங்கு மண்டபம், சின்னது. 53 இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டிய இடம். எரியூட்டு மேடைகள் இருந்த இடத்தில் மூன்று கற்பலகைகள். 1921 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். ஆனால் அந்த 53 பேரின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டி வைத்தது 2010-ல்தான். பேத்தி ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே பிரைட்டன் நகரமும் அதற்கப்பால் கடலும் தெரிகின்றன. அந்தக் கடலைத் தாண்டினால் பிரான்ஸ்.

இறங்கி வரும்போது மகள் ஒன்று சொன்னாள். அந்த மருத்துவமனைகளில் ஆங்கிலேய நர்சுகள் இந்தியச் சிப்பாய்களைத் தொட்டுப் பணிவிடை செய்யக் கூடாது என்று 1915-ல் உத்தரவு போட்டிருந்தார்களாம், மேற்பார்வை மட்டும் பார்க்கலாம். "இன்னிக்கு நான் தினம் இந்த ஊர்த் தாத்தா பாட்டிங்களத் தூக்கி உட்கார வெக்கிறேன்பா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பேத்திக்குப் பதில் அன்று இரவு சொன்னேன். "கேட்டது கெடைக்கலைன்னாலும், கட்டில்ல படுத்துக் கெடந்தவங்க மனசுல இருந்தத ஒருத்தர் சொல்லிட்டாரும்மா. மத்தவங்க அதக் கடுதாசில எழுதினாங்க. அதனாலதான் நூறு வருஷம் கழிச்சு நமக்குத் தெரியுது." அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனாள். மீர் தஸ்த் 1945 வரை உயிரோடு இருந்தார்.

இப்போது நான் சொன்ன அந்தக் காரியம்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயோ இல்லையோ. உன் பெயரை எழுதவில்லை, உனக்கே தெரியும். உன்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனுக்கு அனுப்புங்கள். அன்று நீ கேட்டது சரி. நான் அடித்தது தவறு. இதை முப்பது வருடத்துக்கு முன்னால், அந்த வராந்தாவில், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

செப்டம்பரில் ஊருக்கு வருகிறேன். திருப்பூரில் எங்கே இருக்கிறாய் என்று சொன்னால் நானே வந்து பார்க்கிறேன்.

உங்களில் நிறையப் பேர் இன்று ஆசிரியர்கள். உங்கள் பள்ளிக்கும் பெரியவர்கள் வருவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு பிள்ளை நின்றால், அவன் சொல்லி முடிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சார்